குறை சொல்லத் தெரியாத எதேம்

ஸ்விட்சர்லாந்தின் மூஸ்லிங்கென் ஊரில் ஒரு மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தால், அவரைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கலாமா என்று ஊர் யோசிக்க ஆரம்பிக்கும். எதேம் அந்தக் கட்டத்துக்கு வந்திருந்தார்.

அவர் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். இளவயதில் போஸ்னியாவிலிருந்து வந்தவர். ஊரில் பாதிப்பேர் காலையில் எழுந்து பல் விளக்குவது எதேம் பதித்த தரையில் நின்றுதான். அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டா பல் விளக்குவார்கள்?

ஸ்விஸ் குடியுரிமை வேண்டும் என்று எதேமும் அதுவரை நினைத்ததில்லை. தங்கும் அனுமதி இருந்தது, வேலை இருந்தது, முதியோர் இல்லச் சமையலறையில் மனைவி சுவாதாவுக்கும் வேலை இருந்தது. சிக்கல் வந்தது அப்பாவால். போஸ்னிய மலையூர் ஒன்றில் தனியாக இருந்த அப்பா ஹம்தியாவுக்கு ஒரு நாள் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பிழைத்துவிட்டார். ஆனால் கால் பின்னால் வந்துகொண்டே இருந்தது, அழைக்காத விருந்தாளி மாதிரி.

"இங்க வந்துருங்கப்பா" என்று எதேம் தொலைபேசியில் கெஞ்சினார்.

"வந்து? அங்க நான் யாருகூடடா பேசுறது, மாட்டுகூடயா? அதுக்கும் ஜெர்மன்தான தெரியும்."

"அப்ப நான் அங்க வரேன்."

"வா. எத்தன நாளைக்கு?"

அங்கேதான் இடித்தது. அனுமதியில் இருக்கிறவர் நாட்டைவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி போய்விடும். நடுவில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவதும் செல்லாது. அப்பாவோ இத்தனை மாதம்தான் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கிற ஆள் இல்லை. குடிமகனாகிவிட்டால் எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்பா பக்கத்தில் இருக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆக, ஸ்விட்சர்லாந்தைவிட்டுப் போய் இருப்பதற்காகத்தான் எதேம் ஸ்விஸ்காரர் ஆக விரும்பினார். இதை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று சுவாதா சொன்னாள். அவர் எழுதவில்லை.

ஊராட்சியின் குடியுரிமைக் குழு, தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு மேல்மாடியில் கூடும். ஐந்து பேர். அதில் மூன்று பேருடைய குளியலறை எதேமுடைய கைவேலை. தலைவர் அம்பூல், ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர். மனிதர்களுக்கு என்னென்ன நேரக்கூடும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லியே வீடு கட்டியவர்.

"உங்களை இந்த ஊர்ல யாருக்காவது தெரியுமா?" என்று ஆரம்பித்தார் அம்பூல்.

"உங்களுக்குத் தெரியும் சார். போன வசந்தத்துல உங்க வீட்டுல ரெண்டு வாரம் வேலை பார்த்தேன்."

"அது வேலை விஷயமா. நான் கேக்கிறது ஊர் விஷயமா."

பிறகு கேள்விகள் வந்தன. சீஸ் உருக்கும் பாத்திரத்தில் ஒருவருடைய ரொட்டித்துண்டு விழுந்துவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்? குடித்து முடித்த தேநீர்ப் பையை எந்தத் தொட்டியில் போட வேண்டும்? பையில் இருக்கும் நூலை? நூலின் முனையில் இருக்கும் அட்டையை? ஊரில் சத்தமே கூடாத மதியம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் புல்வெட்டும் இயந்திரச் சத்தம் கேட்டால் ஒரு மனிதர் முதலில் என்ன உணர வேண்டும்?

எதேம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு "வருத்தம்" என்றார். குழு ஏதோ எழுதிக்கொண்டது.

"படிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றார் அம்பூல்.

"ஆமா சார்."

"இங்க பொறந்தவங்க யாரும் படிக்கலையே."

அம்பூல் எதேமுக்கு ஆறுதல் சொல்வது போல முன்னால் சாய்ந்தார். "பயப்படாதீங்க. இது பரீட்சை இல்ல. பரீட்சைன்னா யாரு வேணும்னாலும் பாஸ் பண்ணிடலாம். நாங்க பாக்கிறது ஒன்றிப்போறது. நீங்க ஊரோட ஒன்றிட்டீங்களான்னு உங்ககிட்ட கேட்டு எப்படித் தெரியும்? அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்."

விசாரித்தார்கள். இலை உதிர்ந்து, பனி பெய்து, உருகி, ஓடை நிரம்பிய பிறகு கூப்பிட்டார்கள். அதற்குள் ஹம்தியா இரண்டு முறை வீட்டுக்குள்ளேயே விழுந்திருந்தார். இரண்டு முறையும் பக்கத்து வீட்டுக்காரன் தூக்கி உட்கார வைத்தான். அதை எதேமிடம் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரன்தான்.

இந்த முறை அம்பூல் முகத்தில் ஒரு கவலை இருந்தது.

"விசாரிச்சதுல ஒரு விஷயம் தெரியவந்தது, எதேம் சார். உங்களைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு குறையும் சொல்லலை."

எதேம் நன்றி சொன்னார்.

"நன்றி சொல்ற விஷயம் இல்ல இது. இந்த ஊர்ல பொறந்த யாரையாவது பத்தி விசாரிச்சா அப்படி வருமா? என்னைப் பத்தி விசாரிச்சுப் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் சொல்லுவாங்க. சரி, அது போகட்டும். நீங்களாவது யாரைப் பத்தியாவது சொல்லியிருக்கீங்களான்னு ஊராட்சியில பழசையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். இத்தனை வருஷத்துல ஒரு புகார் இல்ல. ஒண்ணே ஒண்ணு கூட."

"புகார் சொல்ற மாதிரி எனக்கு எதுவும் நடக்கலை சார்."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பூல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊருங்கிறது என்ன? ஒருத்தர் இன்னொருத்தரைக் கவனிக்கிறது. கவனிச்சா குறை தெரியும். தெரிஞ்சா ஊராட்சிக்கு எழுதணும். என் சொந்தத் தம்பிமேலயே நான் நாலு புகார் கொடுத்திருக்கேன். அவன் என்மேல அஞ்சு. நாங்க நேர்ல பேசிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. ஆனா ஒருத்தர் வாழ்க்கையில இன்னொருத்தர் எவ்வளவு அக்கறையா இருக்கோம் பாருங்க. நீங்க சும்மா சிரிச்சுட்டு வணக்கம் சொல்லிட்டுப் போயிடறீங்க. அது சுற்றுலாப் பயணி செய்யிற வேலை."

முடிவு தள்ளிவைக்கப்பட்டது. பத்து நாளில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் ஊர் வாழ்வில் போதிய பங்கெடுக்கவில்லை, குழு அவரைத் தொடர்ந்து ஆர்வத்துடன் கவனிக்கும், அன்பான வணக்கங்களுடன்.

எதேம் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு ரோஸ்மரியிடம் போனார். ரோஸ்மரி வைபெல் ஊரிலேயே பிறந்தவர், எழுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். எதேம் குடிவந்து பதினோரு வருஷம் கழித்து ஒரு புத்தாண்டு அன்று ஆளுக்கொரு கோப்பை ஆப்பிள் சாறோடு கண்ணைப் பார்த்து, "இனிமே 'நீங்க' வேண்டாம், 'நீ'தான்" என்று சொன்னவர். மூஸ்லிங்கெனில் அது சாதாரண விஷயமில்லை. பக்கத்துத் தெருவில் கல்யாணம் ஆகியும் 'நீங்க' போட்டுக்கொள்கிறவர்கள் இருந்தார்கள்.

ரோஸ்மரி கடிதத்தைப் படித்துவிட்டு பிளம்ஸ் கேக்கை ஒரு துண்டு வெட்டி நீட்டினார். "என்மேல போடு."

"எதை?"

"புகாரை. வெளியில பாரு, என் வேலிச்செடி. ஊராட்சி சொன்ன உயரத்தைவிட ஒரு முழம் கூட இருக்கும். வெட்டணும் வெட்டணும்னு இருக்கேன். என்னால ஏணி ஏற முடியலை."

"நானே வந்து வெட்டிக் கொடுக்கிறேனே, ரோஸ்மரி."

"அதாண்டா உன் வியாதி. பேனாவ எடு."

அவர் சொல்லச் சொல்ல எதேம் எழுதினார். 'தயவுசெய்து', 'முடிந்தால்' என்று எதேம் சேர்த்த இடங்களை எல்லாம் ரோஸ்மரி அடிக்கச் சொன்னார். கோபமாகவும் எழுதக் கூடாது. "வியப்புடன் கவனிக்கிறேன்னு எழுது. இந்த ஊர்ல அதுக்கு மேல கெட்ட வார்த்தை கிடையாது." கடைசியில் அன்பான வணக்கங்களுடன் என்று போட்டு முடித்தார்கள். எதேம் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால், எப்படியும் ரொட்டி வாங்கக் கடைக்குப் போகிற ரோஸ்மரி, போகிற வழியில் கடிதத்தை ஊராட்சியில் கொடுத்துவிட்டு வந்தார்.

அதில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

குழு மூன்றாம் முறை கூடியது. "புகாரைக் கொண்டுவந்து கொடுத்ததே புகாருக்கு ஆளானவங்கதான்" என்றார் அம்பூல். "வாங்கி வச்ச பொண்ணு ரசீது கொடுத்திருக்கு. 'எழுத்து நல்லா இருக்கா?'ன்னு வேற கேட்டாங்களாம். எதேம் சார், இதுல மனசு இல்ல. மனசில்லாத புகாரை நாங்க கணக்குல எடுத்தா, நாளைக்கு வர்றவன் எல்லாம் பொய்யாக் குறை சொல்லுவான். அப்புறம் உண்மையா வெறுக்கிறவங்களுக்கு என்ன மரியாதை?"

இருந்தாலும் வேலி விதிக்கு மாறாக இருந்ததால் ஊராட்சி ஆளை அனுப்பி அதை அளந்தது, வெட்டியது, ரோஸ்மரிக்கு வெட்டுக்கூலிக்கான பில் அனுப்பியது. ரோஸ்மரியின் கணவர் கல்யாணத்தின்போது நட்ட செடி. வெட்டின இடம் முழுக்கக் குச்சியாக நின்றது.

எதேம் போய் வாசலில் நின்றார். "என்னால வந்தது."

"வளரும்" என்றார் ரோஸ்மரி. அன்று கேக் வெட்டவில்லை.

அந்தக் கோடையில் ஹம்தியா யாரையும் கேட்காமல் பேருந்தேறி வந்துவிட்டார். "நீ வர்ற மாதிரி தெரியலை. எனக்கும் காத்திருக்கிற வயசு தாண்டிடுச்சு" என்றார். விருந்தாளியாக மூன்று மாதம் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் குற்றம். ஒரு கையில் தடி, மறு கையில் காப்பி அரைக்கும் பித்தளைக் குழல். இறங்கியதும் ஊரைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் எங்கடா?"

"வீட்டுக்குள்ள இருக்காங்கப்பா."

"செத்துட்டாங்களா?"

"இல்லப்பா. ஞாயித்துக்கிழமை."

மறுநாள் காலை ஹம்தியா சிவந்த கண்களோடு அடுப்படிக்கு வந்தார். தேவாலயக் கோபுரம் வீட்டுக்கு எதிரே. கால் மணிக்கொரு தடவை மணி அடிக்கும், ராத்திரி முழுக்க. எதேமுக்கு அது காதில் விழுந்தே பல வருஷமாகியிருந்தது.

"யாரோட மணி அது?"

"ஊரோடதுப்பா."

"ஊருக்கு என்ன அவசரம்? மூணு மணின்னு ஒரு தடவ சொன்னா போதாதா? மூணே கால்னு சொல்லி என்னை என்ன பண்ணச் சொல்றான்? எழுது."

"என்னத்த எழுத?"

"நிறுத்தச் சொல்லி எழுது. விருந்தாளிக்குத் தூக்கம் இல்லன்னு எழுது."

"நாம முஸ்லிம், அது சர்ச்சு மணி" என்றாள் சுவாதா. "நாளைக்கு ஊரே திரண்டு வாசல்ல நிக்கும் மாமா."

"இதுல சாமி எங்கம்மா வந்தது? அது கடிகாரம். வாயாடிக் கடிகாரம். எழுதுடா."

ஊர்வாசிகள் மட்டுமே புகார் கொடுக்கலாம் என்பதால் எதேம் தன் பெயரில் கையெழுத்துப் போட்டார். அப்பா சொன்னதில் பாதியை ஜெர்மனில் கொண்டுவர முடியவில்லை, கொண்டுவரவும் கூடாது. இருந்தாலும் மிச்சம் இருந்ததே போதுமான அளவு சூடாக இருந்தது. அடுத்த வாரம் மாட்டுக்கழுத்து மணி. அதற்கடுத்து, உட்கார்ந்தால் எழ முடியாதபடி தாழ்வாகப் போடப்பட்ட ஊர் நீரூற்றடி பெஞ்சு. பிறகு அஞ்சல்காரன் சைக்கிள் மணியை அடிக்காமல் வருவது. எது அடிக்கக் கூடாது, எது அடிக்க வேண்டும் என்பதில் ஹம்தியாவுக்குத் தெளிவு இருந்தது.

மாலையில் அவர் ரோஸ்மரியோடு தோட்டத்தில் உட்கார்ந்து சண்டை போடுவார். அவர் போஸ்னிய மொழியில் திட்டுவார், ரோஸ்மரி ஜெர்மனில் திட்டுவார். நடுவில் காப்பி வரும்.

"உங்கப்பா என்ன சொல்றார்?" என்பார் ரோஸ்மரி.

"உன் கேக்குல சர்க்கரை இல்லயாம்."

"அவர் காப்பியில மண்ணு இருக்குன்னு சொல்லு."

ஊர் திரண்டு வாசலில் வந்து நிற்கவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள், இருட்டின பிறகு, பின்பக்கமாக. ரொட்டிக்கடைக்காரர் எதேமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மணியால் அவருக்குப் பல வருஷமாகத் தூக்கம் இல்லையாம். பள்ளி ஆசிரியை ஒரு ஜாடி ஜாம் வைத்துவிட்டுப் போனாள். பாதி ஊருக்கு அந்த மணி ஆகவில்லை. ஆனால் இங்கேயே பிறந்துவிட்டு மணியைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதற்கு ஒரு வெளியூர்க்காரர் தேவைப்பட்டார்.

குழு நான்காம் முறை கூப்பிட்டபோது அம்பூல் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"நாலு புகார் ஒரே கோடையில. அதுவும் மணியைப் பத்தி. படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. இத்தனை வருஷமா இதையெல்லாம் மனசுக்குள்ளயே அடக்கி வச்சிருந்தீங்களா?"

எதேம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தார். "சார், அது எங்கப்பா..."

"தெரியும். அப்பாவைத் தெருவுல பார்த்தேன். வணக்கம் சொன்னேன். முறைச்சார். அவர் மட்டும் வயசுல சின்னவரா இருந்தா இந்தக் குழுவுலயே சேர்த்துக்கலாம். அந்த ரத்தம் உங்களுக்குள்ளயும் இருக்குன்னு இப்பதான் நம்பிக்கை வருது."

கிராம சபையில் கைதூக்கி ஓட்டெடுத்தார்கள். எதேம் விதிப்படி வெளியே நின்றார். உள்ளே பார்வையாளர் வரிசையில் ஹம்தியா, கதவிடுக்கில் காற்று வருகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் மொழி புரியவில்லை. எல்லாருக்கும் விஷயம் புரிந்து, மூன்று பேர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்கள். ஓட்டு எதேமுக்கே விழுந்தது. மணியும் அதே கூட்டத்தில் தீர்மானமாகி, வரும் மாதத்திலிருந்து ராத்திரியில் அடிக்காது என்று ஆனது.

சபை முடிந்து எல்லாரும் வெள்ளை வைனும் சீஸ் துண்டுகளுமாக நின்றபோது எதேம் கேட்டார், "அப்ப நான் இனி குடிமகன்தானே சார்?"

"ஊர் அளவுல" என்றார் அம்பூல். "இனி மாகாணம். அப்புறம் பெர்ன்ல மத்திய அரசு. அவங்களும் பார்க்கணும் இல்லையா? நாங்க சொன்னோம்ங்கிறதுக்காக அவங்க நம்பிடக் கூடாது. அதுதான் நம்ம நாட்டோட பலம்."

ஹம்தியாவின் மூன்று மாதம் முடிந்தது. மணி நிற்பதற்கு நான்கு நாள் முன்னால் எதேம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனார். முதலாளியிடம் சம்பளமில்லாத விடுப்பு சொல்லிவிட்டு, ஆறு மாதம் நிறைய ஒரு வாரம் இருக்கும்வரை அப்பாவோடு இருந்தார். கஞ்சி வைத்தார், கால் அமுக்கினார், குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் பதித்தார். கிளம்புகிற அன்று ஹம்தியா கட்டிலில் இருந்தபடியே, "போ, போ. உன்னை எதிர்பார்த்து அங்க ஒரு கவர்மெண்டே உக்காந்திருக்கு" என்றார்.

எதேம் திரும்பி வந்த மறுமாதம் ஹம்தியா போய்விட்டார். எதேம் போய்ச் சேருவதற்குள் மண்ணும் போட்டுவிட்டார்கள். அங்கே காத்திருக்கிற வழக்கம் இல்லை.

மாகாண அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மரியாதையான பையன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"நடுவுல ஏறக்குறைய ஆறு மாசம் நாட்டுல இல்ல போலிருக்கே?"

"அப்பாவைப் பார்த்துக்கப் போயிருந்தேன்."

"மறுபடி அப்படிப் போக வேண்டி வருமா?"

"வராது."

"நெருங்கின உறவு அங்க வேற யாராவது?"

"இல்ல சார். இப்ப யாரும் இல்ல."

"நல்லது" என்று பையன் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகு தலை நிமிர்ந்து எதேமின் முகத்தைப் பார்த்தார். "அதாவது, உங்க விண்ணப்பத்துக்கு நல்லது."

அடுத்த வசந்தத்தில் சிவப்புக் கடவுச்சீட்டு வந்தது. அம்பூல் ஒரு பூந்தொட்டியோடு வீட்டுக்கே வந்தார். "இனிமே நீங்க எங்க வேணும்னாலும் போகலாம், எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம். யாரும் உங்களை ஏன்னு கேக்க முடியாது." சுவாதா அவருக்குக் காப்பி கொடுத்தாள். எதேம் நன்றி சொன்னார். போகும்போது அம்பூல், தன் குளியலறையில் ஒரு டைல் ஆடுவதாகவும் அதை வியப்புடன் கவனித்து வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி எதேம் கீழே போய் ரோஸ்மரியோடு தோட்டத்தில் உட்கார்ந்தார். வேலிக்குச்சிகளில் முழங்கால் உயரத்துக்குத் துளிர் வந்திருந்தது. எதிரே கோபுரம் பேசாமல் நின்றது.

"சத்தமே இல்லாம இருக்கு" என்றார் எதேம்.

"ஆமா. எனக்குந்தான் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார் ரோஸ்மரி. "அந்த மனுஷன் திட்டுறதுக்காவது அது அடிச்சுது."

எதேம் மேலே போய்க் கடிதம் எழுதினார். யாரும் சொல்லித்தரவில்லை. ராத்திரியில் மணி அடிக்க வேண்டும், கால் மணிக்கொரு தடவை, முன்பு போல. மூன்றேகாலைக் கூட விடக் கூடாது. தான் இந்த ஊர்க் குடிமகன், இதைக் கேட்கத் தனக்கு உரிமை உண்டு. 'தயவுசெய்து' எங்கேயும் வரவில்லை. தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்களுடைய புகாரை மிகுந்த மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டோம். இதில் மனசு இருப்பதைக் குழு ஒருமனதாக உணர்ந்தது. ஆனால் மணி நிறுத்தப்பட்டது, தாங்களே கையெழுத்திட்டுக் கொடுத்த புகாரின் பேரில். தன் புகாரைத் தானே எதிர்க்க விதியில் இடமில்லை. அந்தப் புகாருக்குப் பின்னால் இருந்தவர் தாங்கள் அல்ல, வேறொருவர் என்றால், அவர் நேரில் வந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

அன்பான வணக்கங்களுடன், அம்பூல்.